முனையில் அரக்கு பூசாத பேனா

மலாக்கா காஜா பெராங்கில் பொன்னம்மாவிடம் வாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் மனத்தில் ஒன்று ஆழமாக விழுந்துவிட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும். அப்போதுதான் அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அது புரியாமல் போனது ஒரே ஒரு ஆளுக்கு. அவன் பெயர் கலியாணசுந்தரம்.

பொன்னம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விவரம் தெரிந்த நாள் முதல் பால் வாளி தூக்கியவள். கடைசல்காரர் அப்பாசாமிக்கு வாழ்க்கைப்பட்டு மலாக்கா டவுனுக்கு வந்தபோது, இனி மரத்தின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டாள். வந்து பார்த்தால் இங்கேயும் மரம்தான். ரோட்டோரம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பட்டறை, நடுவில் கடைசல் மரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே மரத்துண்டைப் பொருத்தி, அதில் தோல் வாரைச் சுற்றி, ஒருவர் வாரின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மரம் சுழலும். எதிரே உட்கார்ந்தவர் உளியைக் கொடுத்துக் கடைய வேண்டும். வார் இழுப்பது பொன்னம்மா, உளி பிடிப்பது அப்பாசாமி. பிள்ளை குட்டி இல்லை. நாள் முழுக்க இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டே கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, மேசைக் கால் என்று கடைந்து தள்ளினார்கள்.

"ஏ புள்ள, இழுக்குறியா தூங்குறியா?" என்பார் அவர்.

"நீங்க உளிய ஒழுங்காப் பிடிங்க. எனக்குத் தூக்கம் வந்தா இந்த வாரை உங்க கழுத்துல சுத்திட்டுத்தான் படுப்பேன்" என்பாள் இவள்.

அவர்கள் கொஞ்சிக்கொள்ளும் லட்சணம் இதுதான்.

அப்பாசாமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மரம் காய்ந்துவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை சீன மரச்சாமான் கடைக்காரர் ஒரு சிவப்புக் கட்டையைக் கொண்டுவந்து போட்டார். ரெங்காஸ் மரம். காய்ந்த ரெங்காஸ் தங்கமான மரம். ரத்தச் சிவப்பும் கறுப்பு வரியுமாகப் பார்க்கப் பட்டு மாதிரி இருக்கும், பணக்காரர் வீட்டு அலமாரி எல்லாம் அதுதான். பச்சை ரெங்காஸ் பிசாசு. அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துப் புண்ணாகும். சிலருக்கு மழையில் அதன் அடியில் ஒதுங்கினாலே போதும். தோட்டத்துப் பெரியவர்கள் அதை ஊர்ச் சேராங்கொட்டையின் அண்ணன் என்பார்கள். வெளியே காய்ந்திருந்த கட்டை உள்ளே பச்சை. நம் ஆள் வழக்கம்போல நாக்கில் வைத்தார். ஒரு நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் உதடு இரண்டும் கத்தரிக்காயாக வீங்கி, நாக்கு புரளாமல், 'பொன்னம்மா' என்று கூப்பிட முடியாமல் 'ம்மா, ம்மா' என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கஞ்சியை ஆற்றிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். நிழலில் உலர்த்தாமல் ரெங்காஸைத் தொடுவதில்லை என்று அன்றைக்குப் பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கினாள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் ஓடினான். கட்டில் கால் கடையச் சொல்ல ஊரில் யாருக்கும் வக்கில்லை. அரிசி போய் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கே சோறானது. ஆனால் ஜப்பான்காரன் ஆபீஸ் திறந்தான், பள்ளிக்கூடம் திறந்தான், எல்லாரையும் எழுதச் சொன்னான். எழுதப் பேனா இல்லை. கப்பலில் வந்துகொண்டிருந்தது நின்றுபோனது. பழைய கடைகளில் நிப்பு மட்டும் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அப்பாசாமி யோசித்தார். பலா மரத்தைக் குச்சி குச்சியாகப் பிளந்து, மெல்லிசாகக் கடைந்து, நிப்பு செருகும் இடத்துக்குப் பால் டின் தகரத்தில் பூண் போட்டு, மையில் தொட்டு எழுதும் கட்டைப் பேனா செய்தார். பேனா சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார். அந்தச் சூட்டில் அரக்கு உருகி மரத்தின் மேல் படியும். அதன் மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். அப்படி ஒரு பளபளப்பு. அரக்கு ஏறிய மரம் வியர்வையைக் குடிக்காது, கறைபடாது, உள்ளே இருப்பதை வெளியே விடாது.

அந்தப் பேனாக்களை வாங்க வந்தவன்தான் கலியாணசுந்தரம். போருக்கு முன்னால் ஜப்பான்காரன் ரப்பர் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். அங்கே பழகிய பாஷை இப்போது கை கொடுத்தது. ஆள் பிடிக்கும் ஆபீஸில் துபாஷி ஆகிவிட்டான். கையில் ஜப்பான்காரன் கட்டிவிட்ட பட்டை, காலில் சப்பாத்து, குரலில் அதிகாரம். நேற்றுவரை தோட்டத்துரைக்குக் குடை பிடித்தவன், இன்றைக்கு ரோட்டில் நடந்தால் ஊரே எழுந்து நின்றது. அவன் வாய் ஓயாது. ஓய்ந்தால் பேனாவின் வால் முனையைக் கடிக்கும். எழுதும்போது கடிப்பான், யோசிக்கும்போது கடிப்பான், எதிரே நிற்பவன் கெஞ்சும்போது சாவகாசமாக உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பான்.

"அப்பாசாமி, ஆபீசுக்குப் பேனா வேணும். செஞ்சு முடிச்சதும் நீயே கையோட கொண்டாந்து குடு" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான்.

அப்பாசாமி வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, பேனாக்களை வாழைச் சருகில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

பொழுது சாய்ந்தது. விளக்கு வைத்தாயிற்று. ஆள் வரவில்லை. மறுநாள் காலையில் கலியாணசுந்தரமே பட்டறைக்கு வந்து நின்றான்.

"ஒன் புருஷன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போயிட்டான் பொன்னம்மா. சொந்த விருப்பத்துல போனான். மூணு மாசத்துல வந்துருவான். நல்ல சாப்பாடு, நல்ல துணி. நீ கவலப்படாத."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா போனாரு?"

"ஆம்பள, ஆயிரம் யோசன இருக்கும். அத விடு. பேனா நல்லா இருக்கு. நீ கூட இருந்து பாத்தவதானே, இனிமே நீயே செஞ்சு குடு. ஆபீஸ்ல கேக்குறாங்க."

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொன்னம்மாவின் வாய் மூடியது.

உண்மையைச் சொன்னவர் ரஹீம் நானா. மாட்டு வண்டியில் விறகும் மரக்கட்டையும் ஏற்றி வந்து விற்பவர். அன்று ஆபீஸ் வாசலில் விறகு இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருக்கிறார். பட்டறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"தங்கச்சி, எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. லாரி நெறைய ஆளுங்க. அந்தக் கிராணியோட மச்சான் சேதுராமன் இருக்கானே, அவனையும் ரோட்டுல பிடிச்சு ஏத்திட்டானுங்க. இவன் ஓடிப்போய் ஜப்பான்காரன்கிட்ட குனிஞ்சு குனிஞ்சு பேசுனான். ஜப்பான்காரன் தலையக் காட்டி ஏதோ சொன்னான். ஒரு ஆளு எறங்குனா ஒரு ஆளு ஏறணுமாம். அந்த நேரம் பாத்து நம்ம அப்பாசாமி பேனாவ எடுத்து நீட்டுறாரு. வாங்குனான். வாங்குன பேனாவாலயே 'இவன்'னு காட்டுனான். அவ்வளவுதான். மச்சானை எறக்கிட்டான், இவரை ஏத்திட்டான்."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"உன் பேரச் சொல்லிக் கத்துனாரு. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால வாயில குத்துனான். நான் பாத்துக்கிட்டு நின்னேன் தங்கச்சி. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் போனதும் பொன்னம்மா ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போனாள். கும்பிடவா போனாள்? சண்டை போடப் போனாள். "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? உனக்குக் கண்ணு இல்லியா? அவன் கையில பட்டை கட்டிக்கிட்டுத் திரியுறான், என் புருஷன் வாயில குத்து வாங்குறாரு. எனக்கு அவன் வேணும். அவன எனக்குக் குடு. வேற எதுவும் உன்கிட்ட கேக்க மாட்டேன்" என்று தாழ்ந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, விபூதிகூட எடுக்காமல் திரும்பினாள்.

பழி வாங்க வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் பேனா செய்ய வேண்டும். வார் இழுக்க இப்போது ஆள் இல்லை. கூரையில் ஒரு மூங்கிலை வளைத்துக் கட்டி, வாரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் காலடியில் ஒரு பலகையிலும் கட்டினாள். மிதித்தால் மரம் சுழலும், விட்டால் மூங்கில் மேலே இழுத்துக்கொள்ளும். உளி முதலில் கையைக் கிழித்தது. பேனாக்கள் முறுக்கு மாதிரி கோணின. போகப் போக நிமிர்ந்தன. கலியாணசுந்தரம் வருவான், ஸ்டூலில் உட்காருவான், ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பான், கொண்டுபோவான். அவனுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். சிரித்தும் பேசினாள். பார்த்தவர்கள் அவளைக் காறித் துப்பாத குறை. புருஷனைச் சயாமுக்கு அனுப்பியவனுக்கு வெட்கம் இல்லாமல் சேவகம் செய்கிறாள் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொன்ன மூன்று மாதம் வந்தது, போனது. சயாமிலிருந்து ஒரு காக்காய்கூடத் திரும்பவில்லை. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரும்பே திரும்பாது என்றால் மனுஷன் எங்கே திரும்புவான் என்று சனங்கள் வாய்க்குள் பேசிக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் கலியாணசுந்தரம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"இது மாதிரி ஒண்ணு செஞ்சு குடு பொன்னம்மா. கைக்கு இதான் வாட்டம். கடிச்சுக் கடிச்சு முனை நாராப் போச்சு."

பலா மரம். கழுத்தில் இரண்டு மெல்லிய வளையம். அப்பாசாமியின் உளி. அன்றைக்குக் கொண்டுபோன பேனா. 'இவன்' என்று காட்டிய அதே பேனா. அதன் வால் முனையில் இந்தப் பாவியின் பல் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தது. உளி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொன்னம்மா குத்திவிட்டிருப்பாள். ஆனால் குத்தினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுமே! புருஷன் பட்டது ஒரு நிமிஷமா?

"இன்னொண்ணு" என்றான் அவன், பழைய பேனாவைத் திரும்ப எடுத்துப் பையில் செருகி எழுந்துகொண்டே. "முனையில அரக்கு பூசாத. கடிச்சா வாயில பொடிப் பொடியா வருது, தூ. பிடிக்கிற எடத்துல மட்டும் பூசு போதும்."

"முனையில பூசமாட்டேங்க கிராணி ஐயா" என்றாள் பொன்னம்மா. "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு தர்றேன்."

அவன் தலை மறைந்ததும் அவள் சிரித்தாள். அப்பாசாமி போனபிறகு அவள் மனசாரச் சிரித்தது அப்போதுதான். கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளையார் அவனை அவன் வாயாலேயே கொடுத்துவிட்டார்.

ரஹீம் நானா அடுத்த நடை வந்தபோது அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நானா, பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் ஆத்தோரம் ஊபி நடக் காடு வெட்டுறாங்கன்னு சொன்னீங்களே. ரெங்காஸ் ஒரு துண்டு வேணும். பச்சையா வேணும்."

"அல்லாவே! பச்ச ரெங்காஸா? அதக் கோடாலிக்காரனே தொட மாட்டேங்குறான் தங்கச்சி. ஒனக்கு எதுக்கு?"

"பேனா செய்ய."

"யாருக்கு?"

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் மாட்டைத் தட்டினார். மறுமுறை வந்தபோது சாக்கில் சுற்றிய ஒரு துண்டை, கை படாமல் கம்பால் தள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டாள். முகத்தைச் சேலைத் துணியால் கட்டிக்கொண்டாள். புருஷனிடம் சத்தியம் வாங்கியவளே அந்தச் சத்தியத்தை மீறினாள். ஈர மரம் உளியில் நார் நாராகக் கழன்றது. தூள் பறந்தது. கழுத்தில் அதே இரண்டு வளையம் போட்டாள். பூண் மாட்டினாள். அரக்குக் குச்சியை எடுத்து நிப்புப் பக்கத்திலிருந்து மேலே மேலே கொண்டுவந்தாள். விரல் படும் இடமெல்லாம் இரட்டைப் பூச்சு. அவனுக்கு விரலில் ஒரு சின்ன அரிப்புகூட வரக்கூடாது, வந்தால் சந்தேகப்படுவான். வால் முனைக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது குச்சியை எடுத்துவிட்டாள். அந்த ஒரு அங்குலம் வெறும் மரமாக, ஈரச் சிவப்பாக நின்றது.

மூடிய துணிக்கும் எண்ணெய்க்கும் ரெங்காஸ் அடங்கவில்லை. மறுநாள் அவள் மணிக்கட்டெல்லாம் கொப்புளம். ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. எரிச்சல் தாங்காமல் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை, பேனா காய்ந்துவிடக் கூடாது என்பது. ஈர வாழைப்பட்டையில் சுற்றி மண்பானையில் வைத்துக் காத்தாள். கலியாணசுந்தரம் வருகிற வழியாகத் தெரியவில்லை. பொறுக்காமல் பேனாவை எடுத்துத் துடைத்து, அவளே ஆபீசுக்குப் போனாள். போகிற வழியில் காவல் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டாள். போன காரியம் நடக்க வேண்டுமே.

"கண்ணுல என்ன?" என்றான் கலியாணசுந்தரம்.

"குளவி கொட்டிருச்சுங்க ஐயா. கூரையில கூடு கட்டியிருக்கு."

அவன் பேனாவைக் கையில் வாங்கினான். வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்பில் கறுப்பு வரி ஓடியது. அவன் கண் விரிந்தது.

"அடேயப்பா! என்னா மரம் இது? ராசா வீட்டுச் சாமான் மாதிரில இருக்கு!" அவன் உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இத நான் வச்சிருக்கக் கூடாது பொன்னம்மா. நம்ம ஜப்பான் தொரை, துவானுக்குக் குடுத்தா மனசு குளிர்ந்துரும். எனக்கு அந்தப் பலாமரமே போதும்."

ஜப்பான்காரன் பேனாவைக் கடிப்பவன் இல்லை. கடித்தாலும் பொன்னம்மாவுக்கு என்ன லாபம்? மறுநாளே பட்டறைக்கு நெருப்பு வைப்பான். அவ்வளவு பாடும் வீண். ஆனால் வாய்க்காரி அல்லவா, ஒரு மூச்சில் சமாளித்துக்கொண்டாள்.

"ஐயையோ, இதையா குடுக்கப் போறீங்க? முனையப் பாருங்க, அரக்கே இல்ல. குறையா செஞ்ச சாமானக் குடுத்தான்னு துவான் கோபப்பட்டா யாருக்குச் சுசா, யாருக்குக் கஷ்டம்? உங்களுக்குத்தானே! அவருக்கு முழுசா அரக்கு ஏத்தி, இதவிடப் பெருசா ஒண்ணு நாளைக்கே கொண்டாறேன். இது உங்களுக்குன்னு உங்க வாட்டத்துக்குச் செஞ்சது."

"அதுவும் சரிதான்" என்றான் அவன். நாற்காலியில் சாய்ந்தான். பேனாவைச் சுழற்றினான். ஏதோ யோசனையில் முனையை வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்து, சுகமாகக் கடித்தான். பொன்னம்மா அந்தக் கடியை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பின்வாங்கி வெளியே வந்தாள். வீடு வரைக்கும் அவள் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் காத்திருந்தாள். கிராணிக்கு உடம்பு சரியில்லை, வீட்டோடு கிடக்கிறான் என்று சேதி வந்தது. அன்றைக்கு அவள் ஊபிக் கிழங்கைத் திருப்தியாகச் சாப்பிட்டாள்.

உச்சி வெயில் நேரத்தில் பட்டறை வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. கைலி, பனியன், முகத்தைச் சுற்றித் துண்டு. கையில் பட்டையும் இல்லை, காலில் சப்பாத்தும் இல்லை. துண்டை விலக்கினதும்தான் யார் என்று தெரிந்தது. அதுவும் கண்ணை வைத்துத்தான் தெரிந்தது. உதடுகள் வெடித்துப் புரண்டு கிடந்தன. கன்னம் இரண்டும் உப்பி மூக்கை விழுங்கியிருந்தன. நாக்கு வாய்க்குள் அடங்காமல் எச்சில் வழிந்தது. இடுப்பிலிருந்து அந்தச் சிவப்புப் பேனாவை உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ம்ம்... ம்மா..."

அதே சத்தம். அன்றைக்கு அப்பாசாமி அவளைக் கூப்பிட்ட அதே 'ம்மா'.

அவன் மண்டியிட்டு, தரையில் கிடந்த மரத்தூளைக் கையால் பரப்பி, விரலால் 'மருந்து' என்று எழுதினான். ஊரையே எழுந்து நிற்க வைத்தவன் அவள் காலடியில் உட்கார்ந்து எழுதினான்.

"மருந்தா?" என்றாள் பொன்னம்மா. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். "தர்றேன். மொதல்ல என் புருஷன் எங்கன்னு எழுது. யார எறக்கிட்டு யார ஏத்துன? எழுது!"

அவன் 'மருந்து' என்ற எழுத்தையே மறுபடி தொட்டுக் காட்டினான்.

அந்த நேரம்தான் ரோட்டில் லாரி வந்து நின்றது. தோட்டங்களில் பிடித்த கூட்டத்தைச் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த புதுச் சிப்பாய்கள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் யாரோ குதித்து ஓடிவிட்டான் போல. குறைந்த தலைக்கு ஒரு தலை வேண்டும். ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை, லாரிச் சத்தம் கேட்டதுமே ஆம்பிளைகள் காட்டுக்குள் பாய்ந்துவிட்டார்கள். சிப்பாய்கள் பட்டறைக்குள் நுழைந்தார்கள். கைலி கட்டிய ஒரு ஆள் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

கலியாணசுந்தரம் துள்ளினான். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், ஆபீஸ் இருக்கும் திசையைக் காட்டினான். ஜப்பான் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் போதும், அந்தச் சிப்பாய்கள் விட்டிருப்பார்கள். வந்தது எச்சிலும் உளறலும்தான். 'பக்கேரோ!' என்று திட்டி ஒருவன் அந்த வீங்கின கன்னத்திலேயே அறைந்தான். மூத்தவனாகத் தெரிந்த இன்னொருவன் அவனைத் தடுத்து, பொன்னம்மா பக்கம் திரும்பி, அரைகுறை மலாயில் கேட்டான்.

"இனி சியாப்பா?" யார் இது என்று.

கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்தது அத்தனையும் கெஞ்சல். 'துபாஷி' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், பத்து நாளில் வீக்கம் வடியும், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது கடித்துக்கொண்டிருப்பான். வீங்கின உதட்டை அசைத்து அவன் கும்பிட்டான்.

பொன்னம்மா கையிலிருந்த சிவப்புப் பேனாவை நீட்டினாள். அன்றைக்கு அவன் நீட்டிய மாதிரியே நீட்டினாள்.

"கூலி" என்றாள். "இவன் கூலி."

லாரி போனது. புழுதி அடங்கும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, 'மருந்து' என்று எழுதியிருந்த தூளைக் காலால் கலைத்துவிட்டு, உட்கார்ந்து மிதியை மிதித்தாள். கைக்கொப்புளம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள். ஜப்பான்காரன் ஆபீஸில் காணாமல்போன துபாஷியை இரண்டு நாள் தேடினார்கள். ஓடிவிட்டான் என்று திட்டிவிட்டு, வேறு ஒருவன் கையில் பட்டையைக் கட்டினார்கள்.

அதன் பிறகும் தேடியது அவன் பெண்டாட்டி மல்லிகா மட்டும்தான். அன்றைக்குக் கடைசியாக அவன் போன பக்கம் பட்டறைப் பக்கம் என்று யாரோ சொல்ல, ஓடி வந்தாள். வாயும் வயிறுமாக இருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?"

பொன்னம்மா உளியைக் கீழே வைத்தாள். இந்தப் பெண்ணின் தம்பி சேதுராமனுக்காகத்தான் தன் புருஷன் போனார். இவள் வீட்டில் அன்றைக்குச் சந்தோஷமாக அடுப்பு எரிந்திருக்கும்.

"பாத்தேன்" என்றாள். "சயாமுக்குப் போயிட்டாரு. சொந்த விருப்பத்துல போனாரு. மூணு மாசத்துல வந்துருவாரு. நல்ல சாப்பாடு, நல்ல துணி. நீ கவலப்படாத."

அந்த ஒவ்வொரு சொல்லும் அவள் நாக்கில் வெல்லமாக இனித்தது.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். அதில் அப்பாசாமியோடு அதே லாரியில் போனவர் ஒருவர் இருந்தார். முதல் மழையிலேயே வாந்திபேதி கண்டு அப்பாசாமி செத்துப்போனார், ஆற்றங்கரையில் எரித்தோம் என்றார். "மூங்கில்ல எங்க எல்லாத்துக்கும் கரண்டி செதுக்கிக் குடுத்தாரும்மா. எம் பொண்டாட்டி வார் இழுத்தா நான் பல்லக்கே கடைஞ்சிருவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

பொன்னம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் மழை என்றால், அப்போது கலியாணசுந்தரம் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் போட்ட ஓலம் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் வரைக்கும் கேட்டது. தமிழ் மறந்து மலாயில் மட்டுமே பேசுகிற அந்தச் செட்டிப் பெண்களும் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

துக்கம் கேட்க மல்லிகாவும் வந்தாள். இடுப்பில் நடை பழகும் பெண்பிள்ளை. கூட்டம் கலைந்தபிறகும் அவள் போகவில்லை.

"உங்களுக்காவது சேதி வந்துச்சு அக்கா. எனக்கு அதுவும் இல்ல" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அவரு கடைசியா வீட்டுக்கு ஒரு சிவப்புப் பேனா கொண்டாந்தாரு. நீங்க செஞ்சதாமே. எல்லாத்துக்கிட்டயும் காட்டிப் பெருமப்பட்டாரு. அன்னிக்கு அதத் தூக்கிட்டுத்தான் இங்க வந்தாரு. இருந்தாக் குடுங்கக்கா. வீட்டுல வச்சுக்குறேன்."

பேனா கூரை ஓலையில்தான் செருகியிருந்தது. ரெங்காஸை எரித்தால் புகை பட்டாலும் உடம்பு கொப்பளிக்கும் என்று அவள் அடுப்பில் வைக்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்துவிட்டது. வெறும் மரமாக நின்ற அந்த ஒரு அங்குலத்தில் அவன் பல் தடம். குழந்தை கையை நீட்டியது. இந்த வயதுப் பிள்ளை எதை எடுத்தாலும் வாயில் வைக்கும். காய்ந்த ரெங்காஸும் சிலரை விடுவதில்லை.

"இரு" என்றாள் பொன்னம்மா.

பேனாவைக் கடைசல் மரத்தில் பொருத்தினாள். மிதித்தாள். அரக்குக் குச்சியை எடுத்து வால் முனையில் அழுத்தினாள். அரக்கு உருகிப் பல் தடத்தை நிரப்பியது. தாழை ஓலையால் தேய்த்தாள். முனை மூடிக்கொண்டு பளபளத்தது. அந்தக் குழந்தை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. பழியை இத்தோடு முடித்துக்கொண்டாள்.

மல்லிகா பேனாவை வாங்கித் தடவிப் பார்த்தாள். முகம் லேசாக மாறியது.

"அவருக்கு முனையில அரக்கு இருந்தாப் பிடிக்காதேக்கா."

பொன்னம்மா அவளை நேராகப் பார்த்தாள்.

"அவரு வரட்டும்" என்றாள். "வந்தா நானே சுரண்டிக் குடுக்குறேன்."

மல்லிகா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.